நினைவு மலரில் மிஞ்சிய இரண்டு பக்கங்கள்

குட்மேய்ஸ், இலண்டன்
09.03.2025

எங்கள் வீட்டுக்கு வெளிச்சமான பெறாமகள் சிவரூபினிக்கு,

சித்தப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் கலாவதி சித்தியும் சுகம். கோபன்ஹேகன் குளிருக்குள் நீயும் சுகமாய் இருக்கவேண்டும் என்று விளக்கு வைக்கிற நேரமெல்லாம் சித்தி கேட்டுக்கொள்கிறா. நான் பக்கத்தில் நின்று ஓம் போடுகிறேன்.

ரெலிபோன் இருக்கிற காலத்தில் இந்த மனிசன் ஏன் கடுதாசி எழுதுகிறான் என்று நினைப்பாய். நீ போன் எடுக்கிறாய் இல்லை. வாட்ஸ்அப்பில் நான் போடுவதற்கெல்லாம் ஒற்றைச் சரி அடையாளம்தான் விழுகிறது. பிள்ளைக்கு வேலை கூட என்று சித்திக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அவ நம்பின மாதிரித் தெரியவில்லை. அதனால் எங்கள் பார்சல் கடைப் பெட்டிக்குள்ளேயே இதை வைத்து அனுப்புகிறேன். மிளகாய்த்தூள், பருத்தித்துறை வடை, உன் கம்பளிச் சட்டை எல்லாம் இருக்கிறது. சுங்கத்துக்காரன் பெட்டியைத் திறந்து தூளை மணந்தானென்றால் அன்றைக்கே வேலையை விட்டுவிட்டு எங்கள் கடைக்குச் சம்பளத்துக்கு வந்துவிடுவான். சபாரத்தினத்தின் பார்சல் கட்டுக்கு ஐரோப்பாவிலேயே இணை கிடையாது என்று ஜேர்மனியில் இருந்த காலத்திலேயே பெயர் எடுத்தவன் நான்.

சித்தியின் ஐயா சண்முகராசா மாமாவின் முப்பத்தோராம் நாள் காரியம், சனவரி கடைசியில், நீ இல்லாத குறை ஒன்றைத் தவிர வேறு குறையில்லாமல் நடந்தது. ஆயிரம் பேர் வந்தார்கள். சித்தி நூற்றைம்பது என்கிறா. அவ எண்ணியது சாப்பாட்டுப் பெட்டியை, நான் எண்ணியது அன்பை.

இனி அந்த நினைவு மலர் விசயத்துக்கு வருகிறேன். அது எப்படி நடந்தது என்பதை உனக்கு ஒழுங்காய்ச் சொல்ல நீ இடம் தரவில்லை.

அச்சடித்தது ஹரோவில் இருக்கிற நிரூபன். அந்தத் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. புத்தகத்தின் பக்கம் நாலு நாலாகத்தான் கூடும். மாமாவின் வாழ்க்கை வரலாறு, தேவாரம், திருவாசகம், வம்சவழி, பேரப்பிள்ளைகளின் புலம்பல், நன்றி நவிலல் எல்லாம் போட்ட பிறகும் இரண்டு பக்கம் மிஞ்சிப்போனது. அண்ணை, வெள்ளையாய் விடுறதோ, இல்லாட்டி பூப்படம் ஏதும் போடுறதோ என்று நிரூபன் கேட்டான். மாமா பின்வளவில் ஒரு முழ நிலத்தைக்கூடச் சும்மா விடாமல் கத்தரி நட்ட மனிசன். அவருடைய புத்தகத்தில் இரண்டு பக்கம் வெள்ளையாய்ப் போகலாமோ, நீயே சொல்லு.

அந்த இரண்டு பக்கத்துக்குத்தான் உன்னைப் பற்றி எழுதினேன். தலைப்பு, குதிரைகளுக்கு ஓய்வு கொடுத்த எங்கள் குலவிளக்கு. இப்போது பாம்புக்கடி மருந்து எடுக்கிறது குதிரையின் இரத்தத்தில் இருந்து. இனி அது வேண்டாம், கண்ணாடிப் புடையன் பாம்பின் நஞ்சைப் பிடித்து அமத்துகிற புரதத்தைப் பற்றீரியாக் கிருமியே செய்து தரப்போகிறது என்று தொடங்கினேன். நீ எனக்கு விளங்கப்படுத்தின மாதிரியே எழுதினேன். பற்றீரியாவுக்கு அது பிறத்தியாரின் சாமான். செய்யும், ஆனால் எங்கே அனுப்புவதென்று தெரியாமல் உள்ளுக்குள்ளேயே குவித்துக் கட்டியாக்கிப் போடும். எடுக்கவேண்டுமென்றால் பற்றீரியாவை உடைக்கவேண்டும். உடைத்தால் அதன் வீட்டுச் சாமான் முழுவதும் சேர்ந்து கொட்டும். ஆனால் புரதத்தின் முன்பக்கத்தில் சிக்னல் பெப்டைட் என்ற சின்ன முகவரித் துண்டை வைத்துவிட்டால், சுவரில் இருக்கிற வாசல் அதை வாசித்து, நூல் இழுக்கிற மாதிரி வெளியே இழுத்துவிடும். வெளியே வந்ததும் ஒரு கத்தரி முகவரித் துண்டை வெட்டிவிடும். எல்லாரும் பாவிக்கிற முகவரிக்கு வாசல் அடைத்துக்கொண்டு நிற்க, நீ வேறொரு பற்றீரியாவின் முகவரியை எடுத்து, கத்தரி விழுகிற இடத்தில் இரண்டு எழுத்தை மாற்றினாய். சாமான் தடையில்லாமல் வெளியே வருகிறது.

வாசித்தவர்கள் எல்லாம் பிரமித்துப்போனார்கள். என்ன ஒன்று, நீ எனக்குக் கீறிக்காட்டின படத்தையும் பக்கத்தில் போட்டுவிட்டேன். எந்தப் பற்றீரியா, எந்த இரண்டு எழுத்து என்று உன் கையெழுத்திலேயே அதில் இருந்தது. கடைசி வரியில் ஓர் அழகுக்காக, இதனை உலகத் தமிழருக்கு அறிவிக்குமாறு என் பெறாமகள் என்னிடம் கேட்டுக்கொண்டார் என்று முடித்தேன். அப்படி ஒரு வசனம் இல்லாமல் கட்டுரை முடியாது.

ஸ்ட்ரெதத்தில் இருக்கிற துஷ்யா அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து, என்ரை மச்சாளைப் பாருங்கோ என்று பேஸ்புக்கில் போட்டதும், நீ எனக்குப் போன் எடுத்ததும் ஒரே நாளில் நடந்தது. காப்புரிமைக்கு உங்கள் கொம்பனி விண்ணப்பம் போட்டது மாமாவின் முப்பத்தொன்றுக்கு இரண்டு கிழமைக்குப் பிறகுதான் என்றாய். அதற்கு முன்னம் எங்கேயாவது பகிரங்கமாய் வந்துவிட்டால் அது புதிது இல்லையாம் என்றாய். காப்புரிமை இல்லாவிட்டால் கொம்பனி இந்த மருந்தைக் கைவிட்டுவிடும், உன்னுடைய வேலையும் அதோடு போகும் என்றாய். தமிழில் எழுதினதை ஆர் பார்க்கப்போகிறான் என்று நான் கேட்டதற்கு, எந்த மொழியும் கணக்குத்தான் என்று சொன்னாய். நீ அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும்.

ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்று படம் கீறிக்காட்டின அன்றைக்கே கேட்டதாகவும் சொன்னாய். பிள்ளை, அது எனக்கு வடிவாய் ஞாபகம் இல்லை. சந்தோசத்தில் எத்தனையோ கதைத்தோம்.

நீ ஒன்றுக்கும் யோசிக்காதே. நாலு நாட்டு எல்லையைக் கடந்து வந்தவன் இரண்டு பக்கக் கடதாசியைச் சமாளிக்கமாட்டேனோ. சாப்பாட்டை விட்டுவிடாதே.

உன் நல்லதையே நினைக்கும்
சித்தப்பா சபாரத்தினம்


குட்மேய்ஸ்
23.03.2025

அன்புப் பிள்ளை ரூபினிக்கு,

பார்சலுக்கு நீ கையெழுத்து வைத்ததைக் கம்பியூட்டரில் பார்த்தோம். சித்தி அந்தக் கையெழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தா. பிள்ளை மெலிஞ்சிட்டுது என்றா. கையெழுத்தில் அது எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம். துஷ்யா அந்தப் படத்தை அழித்துவிட்டாள். மரண அறிவித்தல் இணையத்தளத்தில் நிரூபன் ஏற்றின மலரையும் இறக்கிவிட்டான். பிறகு வானை எடுத்துக்கொண்டு, கொடுத்த புத்தகங்களை வீடு வீடாய்த் திருப்பி வாங்க வெளிக்கிட்டேன். இலண்டன் முழுவதையும் சல்லடை போட்டேன் என்றே சொல்லலாம்.

ஆனால் இது கலியாணக் கார்ட் இல்லையே, செத்தவீட்டுப் புத்தகம். அதைத் திருப்பிக் கேட்டு ஒருவனும் இதற்கு முதல் வாசலில் நின்றிருக்கமாட்டான். ஈஸ்ட்ஹாமில் ஒரு வீட்டில் தேவாரத்தில் பிழை விழுந்துபோச்சு என்று சொன்னேன். அடுத்த வீட்டில் மாமாவின் பிறந்த திகதி பிழை என்றேன். அந்த இரண்டு வீடும் சொந்தக்காரர் என்பது எனக்கு நினைவு வரவில்லை. பின்னேரமே சித்திக்குப் போன் வந்துவிட்டது, உங்கட மனிசனுக்கு ஏதும் சுகமில்லையோ என்று. சித்தி போனை வைத்துவிட்டு, உங்கட வாய்க்கு ஒரு சுங்கத்துக்காரனைப் போட்டிருக்கவேணும் என்றா. சரியான கோபத்தில் இருக்கிறா. சாப்பாடு மட்டும் போடுகிறா.

ஸ்ட்ரெதத்தில் ஒரு வயோதிப அம்மா புத்தகத்தைச் சாமி அறையில் வைத்திருந்தா. சாமி அறைக்குப் போனது திரும்பி வராது தம்பி என்றா. மாமாவின் படத்துக்குப் பொட்டு வைத்திருந்தா. தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன்.

இதை உனக்கு எழுதாமல் விடுவோமோ என்றும் யோசித்தேன். ஹரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கிற சிவமலர் ரீச்சரிடம் போனேன். அவ சிரித்துக்கொண்டு உள்ளே கூப்பிட்டு, வாசிப்புப் பயிற்சி என்று ஒரு கட்டுத் தாளை எடுத்துக் காட்டினா. என்னுடைய இரண்டு பக்கமும் படத்தோடு. வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் கொடுத்திருக்கிறாவாம். அவர்கள் வீட்டில் பாடமாக்கி வந்து எழும்பி நின்று சொன்னார்களாம். கீழே கேள்வியும் இருக்கிறது. சிவரூபினி தன் சித்தப்பாவிடம் என்ன கேட்டுக்கொண்டார் என்பது முதல் கேள்வி.

உங்களைப் போல ஒரு சித்தப்பா எல்லாப் பிள்ளையளுக்கும் வாய்க்குமோ என்று ரீச்சர் சொன்னா. நான் அதற்குத் தலையைக் குனிந்து, அப்படியொண்டும் இல்லை ரீச்சர் என்று சொன்னேன். அவ அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டா. கேட்க வந்ததைக் கேட்கவில்லை. மெட்ரோபொலிட்டன் லைன் பாலத்தடியில் வானை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன். ஒரு காரணமும் இல்லை, ரயில் போகிறதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

சரி, துக்கக் கதை காணும், போதும். இனி நல்ல செய்தி. நான் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். நிரூபனுக்கு என்மேல் உயிர். அச்சு மெசின் பழுதாகிப் புத்தகம் பிந்தித்தான் வந்தது, முப்பத்தொன்றுக்குக் கொடுக்கவில்லை, ஒரு மாதம் கழித்துத்தான் ஆக்களுக்குத் தபாலில் போட்டோம் என்று எழுதித் தரச் சம்மதித்துவிட்டான். இரண்டு பேர் சாட்சிக்கும் இருக்கிறார்கள். அப்படியென்றால் உங்கள் விண்ணப்பம் முந்தி, எங்கள் புத்தகம் பிந்தி. கதை முடிந்தது. நான் சொன்னால் சனம் நம்பும் என்பது உனக்குத் தெரியும்தானே. அதை இந்த முறை உனக்காகப் பாவிக்கிறேன்.

சித்திக்கு இதை இன்னும் சொல்லவில்லை. உன்னுடைய ஒரு சொல்லுக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஓம் என்று மட்டும் எழுது. காணும்.

உனக்காக எதையும் செய்யத் துணிந்திருக்கும்
சித்தப்பா


குட்மேய்ஸ்
12.04.2025

ரூபினிப் பிள்ளைக்கு,

உன் செய்தி வந்தது. ஓம் என்று இருக்கும் என்று நினைத்துத் திறந்தேன். ஹோல்போர்னில் இருக்கிற உங்கள் கொம்பனிச் சட்டத்தரணியின் விலாசமும், நடந்ததைச் சொல்லுங்கோ சித்தப்பா என்ற ஒரு வரியும் இருந்தது. எத்தனை தரம் வாசித்தேன் என்று சொன்னால் கூட்டிச் சொல்கிறேன் என்பாய். அதனால் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை போனோம். சித்தியும் வந்தா. நான் வரவேண்டாம் என்றேன், அவ சேலை மாற்றிவிட்டு வானில் ஏறி இருந்துவிட்டா. மொழிபெயர்ப்பாளர் வேணுமோ என்று கேட்டார்கள். எனக்கு ஜேர்மன் மொழியும் தெரியும் என்றேன். அதை ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

சட்டத்தரணி ஒரு வெள்ளைக்காரப் பொம்பிளை. அமைதியான பிறவி. நிரூபனின் கடிதம் என்னுடைய பையில் இருந்தது. எடுக்கத்தான் கையை வைத்தேன். அதற்கு முன்னம் அவ ஒரு சங்கதி சொன்னா. எனக்கு விளங்கின அளவில் எழுதுகிறேன். புத்தகம் எப்போது கொடுத்தது என்பது அவவுக்கு ஏற்கெனவே தெரியுமாம். நீயே முழுவதையும் எழுதிக் கொடுத்துவிட்டாயாம். ஐரோப்பாவுக்கான காப்புரிமை அநேகமாய்ப் போனதுதானாம். அமெரிக்காவில் வெளிவந்த பிறகும் விண்ணப்பம் போட ஒரு வருசத் தவணை இருக்கிறதாம். இங்கிலாந்தில் ஒரு வழி இருக்கிறதாம். கண்டுபிடித்த ஆள் நம்பிக்கையின்பேரில் ஒருவருக்கு இரகசியமாய்ச் சொல்லி, அவர் அந்த நம்பிக்கையை முறித்து வெளியில் விட்டிருந்தால், அதைக் கணக்கில் எடுக்காமல் விடலாமாம். ஆனால் புத்தகத்தின் கடைசி வரியில் நீயே அறிவிக்கச் சொன்னதாக அச்சில் இருக்கிறது. அந்த வரி நிற்கும்வரை நீ சொல்வது எடுபடாது, உண்மை எழுதின ஆளின் வாயால் வரவேண்டும் என்றா.

பிறகு ஒரு கேள்விதான் கேட்டா. ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்று அந்தப் பிள்ளை உங்களிடம் கேட்டவவோ என்று.

எனக்கு வாயில் எத்தனையோ பதில் வந்தது, ரூபினி. எல்லாம் வடிவான பதில்கள். சித்தி என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தா.

லீவில் இங்கே வந்திருந்த நீ, அன்றைக்குச் சப்பாத்தைக் கழற்றாமல் குசினிக்குள் வந்தாய். சித்தி ஏச வாயெடுத்துவிட்டு, உன் முகத்தைக் கண்டு விட்டுவிட்டா. நான் மட்டக்களப்புக்குப் போகிற பெட்டி ஒன்றுக்கு விலாசம் ஒட்டிக்கொண்டிருந்தேன். என் கையில் இருந்த தாளைப் பறித்து அதன் பின்பக்கத்தில் கீறினாய். பாருங்கோ சித்தப்பா, உங்கட தொழில்தான் நானும் செய்யிறன் என்றாய். வாழ்க்கையில் என்னை அப்படி ஒருவரும் தங்களோடு சேர்த்துச் சொன்னதில்லை. பிறகு, இது வெளியிலை போனால் எல்லாம் போச்சு, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ என்றாய். நான் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன். நீ போகிறபோது வாசலில் நின்று திரும்பவும் சொன்னாய். கீறின தாளை நீ கேட்டபோது, கிழிச்சுப் போடுறன் என்று சொல்லி என் சட்டைப் பையில் வைத்தேன்.

எனக்கு எல்லாம் வடிவாய் ஞாபகம் இருந்தது. முதல் கடிதம் எழுதும்போதும் இருந்தது.

அதைத்தான் சொன்னேன். அவ எழுதினா. அறிவிக்கச் சொன்னதாக எழுதினது என்னுடைய சோடனை என்றும், அந்தப் பிள்ளைக்கு அதில் ஒரு பங்கும் இல்லை என்றும் எழுதச் சொன்னேன். எத்தனை புத்தகம் என்று கேட்டபோது ஐந்நூறு என்று வாய் தானாய்ச் சொன்னது. சித்தி இருமினா. நூற்றைம்பது என்று திருத்தினேன். எவ்வளவு படித்தீர்கள் என்று கேட்டபோது எட்டாம் வகுப்பு என்றேன். உங்கள் எல்லாருக்கும் நான் சொல்லி வைத்திருப்பது வேறு. ஏன் எழுதினீர்கள் என்றும் கேட்டா. இரண்டு பக்கம் மிஞ்சினது என்று தொடங்கினேன், பிறகு நிற்பாட்டினேன். சனம் என்னைப் பார்க்கவேண்டும் என்று எழுதினேன் என்றேன். அவ அதையும் அப்படியே எழுதிவிட்டா.

வாசித்துக்காட்டி முடிய, இந்த வாக்குமூலம் காப்புரிமை பதிகிற கந்தோர்க் கோவையில் இருக்கும், விரும்பினவர்கள் எவரும் எடுத்து வாசிக்கலாம், சம்மதமோ என்று கேட்டா. கையெழுத்து வைத்தேன். நிரூபனின் கடிதத்தை வெளியில் வந்து கிழித்தேன். சித்தி அந்தத் துண்டுகளை வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டா, தெருவில் போடாதேங்கோ என்று. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தா.

சிவமலர் ரீச்சருக்கும் போன் எடுத்துச் சொன்னேன். அவ, அப்ப வாற சனிக்கிழமைக்குப் பிள்ளையளுக்கு வேறை வாசிப்பு எடுக்கவேணும் என்றா. அவ்வளவுதான். கோயிலில் ஆக்கள் உன்னைப் பற்றிக் கேட்கிறார்கள். சுகமாய் இருக்கிறாள் என்று மட்டும் சொல்கிறேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாததால் எனக்கும் உனக்கும் ஏதோ கோபம் என்று கதை போகிறது. போகட்டும்.

இந்த வாக்குமூலம் உதவுமோ உதவாதோ தெரியாது. அந்தப் பொம்பிளையும் உறுதி சொல்லவில்லை. கொம்பனி என்ன முடிவெடுக்கிறது, உன் வேலை நிற்குமோ, மருந்து வருமோ என்பதெல்லாம் உனக்குத்தான் முதல் தெரியவரும். தெரிந்தால் சித்திக்குச் சொல்லு. அவ உனக்காகக் காத்திருக்கிறா. எனக்குச் சொல்லவேண்டாம். நான் சித்தியிடமும் கேட்கமாட்டேன். அவ சட்டி கழுவுகிற சத்தத்திலேயே நல்லதோ கெட்டதோ என்று எனக்கு விளங்கிவிடும், அது காணும்.

எப்பவாவது, இன்னும் பத்து வருசம் போனாலும் பரவாயில்லை, இந்த மனிசனுக்கு ஏதாவது ஒன்றைச் சொல்லலாம் என்று உனக்குத் தோன்றினால், சின்ன விசயமாய்ப் பார்த்துச் சொல்லு. அங்கே நீ இரவில் என்ன சமைக்கிறாய் என்பது போல ஒன்று. அதை நான் ஒருவருக்கும் சொல்லமாட்டேன். சித்திக்கும் சொல்லமாட்டேன்.

நீ நன்றாக இருக்கவேண்டும், பிள்ளை.

சித்தப்பா